தொலைவில் இருப்பவரின் கடமை

சமயங்கள் மனிதருக்கு விதிக்கும் கடமைகளில் பெரும்பாலானவை உடம்பால் செய்ய வேண்டியவை. கொள்ளி வைக்கவும், மய்யித்தைக் குளிப்பாட்டவும், நற்கருணை வாங்கவும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை வரிசையில் நிற்கவும் ஆள் அங்கே இருந்தாக வேண்டும். இருக்க வேண்டிய இடத்தில் இருக்க முடியாமல் போனவருக்கு என்ன கடமை மிஞ்சுகிறது என்பது ஆகவே பழைய கேள்வி. கடல் வாணிகம் செய்தவர்களும் படைக்குப் போனவர்களும் தோட்டக் கூலிகளாகக் கப்பல் ஏறியவர்களும் அதைச் சந்தித்தார்கள். 2020இல் கொரோனா பரவியபோது பிற நாடுகளில் பள்ளி ஆசிரியர்களாக இருந்தவர்களுக்கு அது இன்னும் சிக்கலாக வந்தது. ஊரில் முதிர்ந்த தாய் தகப்பன்; எதிரில், பிறர் பெற்ற பிள்ளைகள். இரண்டு பக்கமும் கடமை இருந்தது.

மாலத்தீவு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 1,190 தீவுகள் கொண்ட அந்நாட்டில் மக்கள் குடியிருப்பவை இருநூறுக்குச் சற்றுக் குறைவு. திவேஹி மொழியையும் இஸ்லாம் பாடத்தையும் உள்ளூர் ஆசிரியர்கள் நடத்துவார்கள். ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்ற பாடங்களுக்கு நெடுங்காலமாகவே இந்திய ஆசிரியர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போனவர்கள் அவர்களில் நிறையப் பேர். தென்மாவட்டத்தாருக்கு அந்த நாடு அந்நியமும் அல்ல. தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு தோணிகள் அதன் தலைநகர் மாலே போய்வருகின்றன. அங்கிருந்து வரும் மாசிக் கருவாடு இங்கே சமையலில் சேர்கிறது.

2020 மார்ச் 7 அன்று அங்கே முதல் தொற்று உறுதியானது. மார்ச் 12இல் பொதுச் சுகாதார அவசரநிலை வந்தது. மார்ச் 22 முதல் இந்தியா வெளிநாட்டு விமானங்களை இறங்கவிடவில்லை. ஏப்ரல் 15இல் மாலே நகருக்குள்ளேயே தொற்று பரவத் தொடங்கியிருப்பது தெரிந்து, நகரம் பூட்டப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டு, பாடம் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் மாறியது. தீவு ஒன்றில் வாடகை அறையில் இருக்கும் ஆசிரியரின் நாள் அந்தக் கைப்பேசியைச் சுற்றியே ஓடியது. காலையில் அரிசி டப்பாவில் அதைச் சாய்த்து வைத்துப் பாடம். நடுவில் வைபர் குழுவில் பெற்றோரின் கேள்விகள். மாலையில் அதே இடத்தில் அதே போன், இந்த முறை ஊரிலிருந்து அம்மாவின் முகம். மாலத்தீவு நேரம் இந்தியாவுக்கு அரை மணி பின்தங்கியது. அங்கே வகுப்பு முடியும்போது இங்கே அப்பா மாத்திரை போட்டுவிட்டுப் படுத்திருப்பார். மாலேயிலிருந்து சரக்குப் படகு வந்தால் வெங்காயம், உருளைக்கிழங்கு. வராவிட்டால் பருப்பும் மீனும். இதில் உயிர்போகும் துன்பம் எதுவும் இல்லை. ஆனால் ஊருக்குப் போகும் வழி அடைபட்டிருக்கிறது என்ற நினைப்பு எல்லா வேலைக்கும் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

வழிபாட்டைப் பொறுத்தவரை இந்த ஆசிரியர்கள் நோய்க்கு முன்பே தனிமைக்குப் பழகியவர்கள். மாலத்தீவின் அரச சமயம் இஸ்லாம். 2008 அரசியல் சட்டத்தின்படி முஸ்லிம் அல்லாதவர் குடிமகன் ஆக முடியாது. பிற சமய வெளிநாட்டினர் தம் அறைக்குள் வழிபடலாம். பொது இடத்தில் கூடாது. வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவரச் சுங்கத்துறை விடுவதில்லை. ஆகவே இந்து ஆசிரியருக்குக் கோயில் இல்லை, கத்தோலிக்க ஆசிரியருக்கு ஞாயிறு பூசை இல்லை. 2020இல் ஊரில் இருந்தவர்களுக்கும் அதே நிலை வந்தது. தமிழ்நாட்டில் மார்ச்சில் அடைத்த பெரிய கோயில்கள் செப்டம்பர் 1இல்தான் திறந்தன. மார்ச் 27 அன்று போப் பிரான்சிஸ் வெறிச்சோடிய புனித பேதுரு சதுக்கத்தில் நின்று உலகுக்கு ஆசி வழங்கினார். அவ்வாண்டு ஹஜ்ஜுக்கு சவூதியில் ஏற்கெனவே இருந்தவர்களில் சிலர் மட்டுமே அனுமதிக்கப்பட்டார்கள்.

மனத்தால் செய்யும் வழிபாடு போதுமா என்ற கேள்விக்குத் தமிழ்ச் சைவம் பூசலார் கதையால் விடை சொல்லியிருக்கிறது. திருநின்றவூர்ப் பூசலாரிடம் கோயில் கட்டப் பணம் இல்லை. அவர் மனத்துக்குள்ளேயே கல் தேடி, நாள் பார்த்து, படிப்படியாகக் கட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னன் எழுப்பிய கற்றளிக்கும் குடமுழுக்கு, பூசலார் குறித்த அதே நாளில் வந்தது. இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நாளைத் தள்ளிவைக்கச் சொன்னார் என்கிறது பெரியபுராணம். இந்தக் கதையை, மனத்தில் நினைத்தாலே போதும் என்று சுருக்கிவிடுவது தவறு. பூசலார் நினைத்ததோடு நிற்கவில்லை. மனத்துக்குள்ளும் அவர் ஒரு கட்டடத்துக்குரிய வேலை முழுவதையும் செய்தார், எதையும் விட்டுவிடவில்லை. வெளியே செய்ய முடியாததை உள்ளே செய்வதற்கும் ஒழுங்கு வேண்டும், காலம் வேண்டும். படம்கூட இல்லாத அறையில் நாள்தோறும் ஒரே வேளையில் குளித்து உட்கார்ந்து தேவாரம் சொன்ன ஆசிரியர் செய்தது இதைத்தான்.

முஸ்லிம் ஆசிரியரின் நிலை வேறு வகையில் நுட்பமானது. இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஷாஃபி மத்ஹபில் ஜும்ஆ நிறைவேற, ஊரில் நிலையாகக் குடியிருக்கும் ஆண்கள் நாற்பது பேர் வேண்டும். வேலைக்காக வந்து தங்கியிருந்து, ஒருநாள் திரும்பிப் போகும் எண்ணத்தோடு இருப்பவர் மீதும் ஜும்ஆ கடமை. ஆனால் அந்த நாற்பதில் அவர் சேர்த்தி இல்லை. நான்கு நாள் தங்க எண்ணிவிட்டால் பயணிக்குரிய சலுகையும் அவருக்குக் கிடையாது. கடமைக்கு உள்ளே, கணக்குக்கு வெளியே என்ற இந்த நிலைதான் பிழைக்கப் போனவர் எல்லாருடைய நிலையும். குடியுரிமைச் சட்டங்கள் பேசத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சட்ட அறிஞர்கள் அதைக் கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த கேள்வி, இருப்பதா கிளம்புவதா என்பது. 2020 மே 8 அன்று இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா மாலேயிலிருந்து 698 பேரை ஏற்றிக்கொண்டு, 10ஆம் தேதி கொச்சி வந்தது. ஜூன் 7இல் அதே கப்பல் 700 பேரோடு தூத்துக்குடித் துறைமுகம் வந்து சேர்ந்தது. 'சமுத்திர சேது' என்பது அந்த நடவடிக்கையின் பெயர். தென்மாவட்டத்து ஆசிரியர் ஒருவருக்கு இது எப்படிப் பட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம். கப்பல் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஏறினால் ஒப்பந்தம் என்ன ஆகும், திரும்ப விசா கிடைக்குமா என்ற கணக்கு ஒரு பக்கம். நோயை வீட்டுக்குக் கொண்டுபோவோமா என்ற அச்சம் இன்னொரு பக்கம். பிள்ளைகளைப் பாதியில் விடலாமா என்பது மூன்றாவது.

கொள்ளைநோய்க் காலத்தில் ஊரை விட்டுப் போகலாமா என்பதைச் சமயங்கள் ஆழமாக விவாதித்திருக்கின்றன. ஹிஜ்ரி 18இல் சிரியாவில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது கலீஃபா உமர் எல்லையில் சர்கு என்ற இடம் வரை வந்து, திரும்பிப் போக முடிவு செய்தார். இறைவனின் விதியிலிருந்து ஓடுகிறீரா என்று சிரியாவில் இருந்த படைத்தலைவர் அபூ உபைதா கேட்டார். அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குப் போகிறேன் என்பது உமரின் விடை. நோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், இருக்கும் ஊரில் நோய் வந்தால் தப்பியோட வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை நபித்தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் அப்போது எடுத்துச் சொன்னார். அபூ உபைதா சிரியாவிலேயே தங்கி அந்த நோயில் இறந்தார். வெளியேறாதீர்கள் என்பதற்குப் பிற்கால அறிஞர் கஸ்ஸாலி சொல்லும் காரணம் இங்கே முக்கியம்: உடல்நலம் உள்ளவர்கள் எல்லாரும் போய்விட்டால், கிடக்கும் நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்க யார்? விதியை நம்பு என்பதைவிட இந்தக் காரணம் கனமானது.

1527இல் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் வந்தபோது பல்கலைக்கழகமே யேனாவுக்கு இடம் மாறியது. மார்ட்டின் லூதர் போகவில்லை. மீந்திருந்த சில மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். நோய்க்கு அஞ்சி ஓடலாமா என்று பிரெஸ்லாவிலிருந்து வந்த கேள்விக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் ஓடுவதை முற்றாகக் கண்டிக்கவில்லை. உயிரைக் காத்துக்கொள்வது இயல்பு என்கிறார். ஆனால் போதகர், நகராட்சித் தலைவர், பணியாளரை வைத்திருக்கும் எசமானர், பெற்றோர் என்று ஒரு பொறுப்பில் கட்டுண்டவர், தம் இடத்தில் வேறொருவர் நிற்கும்வரை போகக் கூடாது. கடமை அவரவர் வகிக்கும் பொறுப்பைப் பொறுத்தது என்பது இதன் சாரம். பெற்ற பிள்ளையும் அந்தப் பட்டியலில் வருவார், ஆசிரியரையும் அதில் சேர்க்கலாம். இருவரும் ஒரே ஆளாக இருக்கும்போது என்ன செய்வது என்பதற்கு லூதரின் அளவுகோல் ஓரளவுதான் உதவும்: யாருக்கு வேறு ஆள் இருக்கிறது என்று பார்ப்பது. தம்பி பக்கத்தில் இருக்கிற தகப்பனுக்கும், கணக்கு நடத்த வேறு ஆசிரியர் இல்லாத தீவுக்கும் இடையே அந்த அளவுகோல் ஒரு விடை தரும். ஒரே பிள்ளையாகப் பிறந்தவருக்குத் தராது.

பெற்றோர் இருக்கும்போது தொலைவுக்குப் போகாதே, போனால் இருக்கும் இடம் நிலையாகத் தெரியவேண்டும் என்று கன்பூசியஸ் கூறியதாக அவர் சொற்களின் தொகுப்பான 'லுன் யூ' பதிந்திருக்கிறது. இரண்டாம் பாதி பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. போவதை அவர் அறவே தடுக்கவில்லை. கூப்பிட்டால் எட்டும்படி இரு என்கிறார். நோய்க்கால ஆசிரியர் எட்டும் இடத்தில்தான் இருந்தார். அழைப்பு அவருக்கு உடனே எட்டியது. அவரால்தான் எட்ட முடியவில்லை.

சாவுச் செய்தி வரும்போது கேள்வி முழு வலுவோடு எழுகிறது. இந்து மரபில் மூத்த மகனுக்கோ இளைய மகனுக்கோ கொள்ளி உரிமை. அவர் இல்லையென்றால் பேரன், பங்காளி என்று வரிசை நீள்கிறது. யாராவது வைத்தாக வேண்டும், உடல் காத்திருக்காது. அப்படியானால் தொலைவில் இருக்கும் மகனுக்கு என்ன மிஞ்சுகிறது? தர்ம நூல்கள் இதை எண்ணிப் பார்த்திருக்கின்றன. அயலூரில் இருக்கும் உறவினர் பத்து நாளுக்குள் செய்தி கேட்டால், மீதி நாட்களுக்குத் தீட்டு. பத்து நாள் கழிந்து கேட்டால் மூன்று இரவு. ஆண்டு கடந்துவிட்டால் குளித்தால் போதும் என்கிறது மனுஸ்மிருதி. சாதி பற்றியும் பெண்கள் பற்றியும் அந்த நூல் சொல்பவற்றை இன்று ஏற்க முடியாது. ஆனால் இந்தப் பகுதியில் ஒரு மனித அறிவு இருக்கிறது. பிற்காலத் தர்ம நூல்கள் தாய் தகப்பனுக்கு இந்தச் சலுகையையும் விலக்கிவிட்டன. எவ்வளவு தொலைவில் இருந்தாலும், எப்போது கேட்டாலும், கேட்ட நாளிலிருந்து மகனுக்கு முழுப் பத்து நாள் உண்டு.

மேலோட்டமாகப் பார்த்தால் இது கூடுதல் சுமை. ஆழ்ந்து பார்த்தால் பெரிய கருணை. சாவு வீட்டில் நடந்து முடிந்ததைத் தவறவிட்டவர் என்று அந்த விதி அவரை ஒதுக்கவில்லை. அவருக்குரிய பத்து நாள் அவருக்காகக் காத்திருக்கிறது, அவர் காதில் செய்தி விழும்போது தொடங்குகிறது. எந்த ஊரில் நின்று கேட்டாரோ அந்த ஊரிலேயே அது நடக்கிறது. தீவில் இருக்கும் ஆசிரியருக்கு அது இப்படி இருக்கும்: விடியலில் தலைமுழுகி, ஈரத்தோடு நின்று, கையில் இருக்கும் எள்ளையும் நீரையும் விரல் வழியே விட்டு, ஒருவேளை உணவோடு இருந்து, வகுப்பு நேரம் வந்தால் பாடம் நடத்தி, மறுநாள் அதையே செய்வது. எள் கிடைக்காத தீவில் வெறும் நீர். தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு நடைமுறை நூலிலிருந்து வருவதில்லை, ஊர் வழக்கத்திலிருந்து வருகிறது. நீர்மாலை, வாய்க்கரிசி, பதினாறாம் நாள் கருமாதி, உறவுக்காரர்கள் வந்து துஷ்டி கேட்பது எல்லாமே கூட்டத்தைக் கொண்டவை. தனியே ஒரு அறையில் அவற்றுக்கு வடிவம் கொடுப்பது கடினம். நூல்வழிச் சடங்கு இந்த இடத்தில் கைகொடுக்கிறது, ஊர்வழக்கம் கைவிட்டுவிடுகிறது.

துறவிக்கும் இந்தக் கடன் தீராது என்பது தமிழ் மரபின் பிடிவாதம். காவிரிப்பூம்பட்டினத்துக் கடல் வணிகராக இருந்து எல்லாவற்றையும் துறந்த பட்டினத்தார், தாய் இறந்ததும் வந்து சேர்ந்து, பச்சை வாழை மட்டையை அடுக்கித் தீமூட்டினார் என்று கதை சொல்கிறது. காலடி என்ற ஊரில் ஆதிசங்கரர் தாய்க்குச் செய்த ஈமக்கிரியையும் இதே வகை. இரு கதைகளிலும் மகன் வந்து சேர்ந்துவிடுகிறார். வர முடியாமலே போன மகனைப் பற்றி அப்படி ஒரு கதை புகழ்பெறவில்லை. 2020இன் ஆசிரியரை இந்தக் கதைகள் தேற்றவில்லை, குத்தவே செய்தன.

இஸ்லாமியச் சட்டம் வேறு வழியில் போகிறது. குளிப்பாட்டுதல், கபனிடுதல், ஜனாஸா தொழுகை, அடக்கம் ஆகிய நான்கும் பர்ளு கிஃபாயா. ஊரில் சிலர் செய்துவிட்டால் எல்லார் மீதிருந்தும் கடமை நீங்கிவிடும். வர இயலாத மகன் மீது குற்றம் இல்லை. அதற்கு மேலும் ஒரு வாசல் உண்டு. அபிசீனிய மன்னர் நஜாஷி இறந்த செய்தி மதீனாவுக்கு வந்தபோது நபிகள் நாயகம் தோழர்களை வரிசையில் நிறுத்தி அவருக்காகத் தொழுதார்கள். இதைக் கொண்டு ஷாஃபி, ஹன்பலி மத்ஹபுகள் உடல் எதிரில் இல்லாத காயிப் ஜனாஸாவை அனுமதிக்கின்றன. அது நபிக்கு மட்டும் உரியது என்று ஹனஃபி, மாலிகி மத்ஹபுகள் கொள்கின்றன. தமிழ்நாட்டு முஸ்லிம்களில் ஷாஃபி, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபினரும் இருக்கிறார்கள். காயல்பட்டினத்து ஷாஃபி ஆசிரியர் தீவில் தகப்பனுக்காகத் தொழலாம். ஹனஃபியான சக ஆசிரியர் துஆ கேட்பதோடு நிறுத்திக்கொள்வார்.

கத்தோலிக்கச் சிக்கல், சாகும் முன்பே தொடங்குவது. நோயில்பூசுதலும் ஒப்புரவு அருளடையாளமும் குருவானவர் நேரில் இருந்தால்தான் உண்டு. 2020 மார்ச் 20 அன்று வத்திக்கான் வெளியிட்ட ஆணை, தொற்றாளர்களுக்கும் அவர்களைப் பேணுவோருக்கும் குடும்பத்தாருக்கும் பாவத்துக்குரிய தண்டனையை நீக்கும் நிறைபேறுபலன் வழங்கியது. குருவை அடைய முடியாதவர் உத்தம மனஸ்தாபத்தோடு, முடிந்ததும் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியோடு இருந்தால் மன்னிப்பு உண்டு என்ற பழைய போதனையும் அப்போது நினைவூட்டப்பட்டது. போனில் பூசை பார்க்கலாம், ஆன்மிக நற்கருணை வேண்டலாம்; அப்பத்தைப் போன் தராது. இந்தக் கண்டிப்பைக் கொடுமை என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. இல்லாததை இருக்கிறது என்று அது சொல்லவில்லை.

மற்றவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. அந்த ஆண்டு பலரும் வாட்ஸ்அப்பில் சாவு பார்த்தார்கள். மயானத்தில் உறவுக்காரப் பையன் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்திருப்பான். படம் உறையும், நகரும். நெருப்புக்குப் பதில் யாரோ ஒருவரின் முதுகு தெரியும். தொழில்நுட்பம் தொலைவை நீக்கிவிட்டது என்பது உண்மையல்ல. பார்ப்பது வேறு, செய்வது வேறு. மரபுகள் எதுவும் தொலைவில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லவில்லை. குளி, நீர் விடு, தொழு, மன்னிப்புக் கேள், நோன்பிரு என்று செய்யவே சொல்கின்றன. திரையைப் பார்த்துவிட்டு அதுவே சடங்கு என்று எண்ணியவர்களிடம் நெடுநாள் ஆறாத ஒரு குறை தங்கியிருப்பதற்குக் காரணம் இதுவாகலாம்.

ஊரில் இருந்தவர்களும் அப்போது முழுமையாக அருகில் இல்லை. இந்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிமுறையின்படி, தொற்றில் இறந்தவர் உடலைத் தொடாமல் வேதம் ஓதலாம், புனித நீர் தெளிக்கலாம். குளிப்பாட்டவோ முத்தமிடவோ கட்டிக்கொள்ளவோ கூடாது. சாம்பலைச் சேகரிக்கத் தடை இல்லை. ஊரடங்கு விதிப்படி எந்தச் சாவுக்கும் இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. பக்கத்துத் தெருவில் இருந்த மகளும் கடல் கடந்திருந்த மகனும் ஏறக்குறைய ஒரே நிலையில் நின்றார்கள்.

மகள்கள் விஷயத்தில் நூல்கள் குறைவாகவே பேசுகின்றன. மாலத்தீவுக்குப் போன ஆசிரியர்களில் பெண்கள் நிறைய. மணமான மகளுக்கு மூன்று நாள் தீட்டு என்பதற்கு மேல் அவளிடம் கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. ஆனால் வழக்கத்தில் தாயைக் குளிப்பாட்டுவதும், தலைமாட்டில் உட்கார்வதும், ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு ஒப்பாரி வைப்பதும் பெண்கள். இவற்றில் ஒன்றைக்கூடத் தனியே செய்ய முடியாது. மகனுக்குத் தொலைவிலும் ஒரு சடங்கு இருக்கிறது, மகளுக்கு அழுகை மட்டும் இருக்கிறது. பக்கத்து அறை மலையாள ஆசிரியை வந்து கூட உட்கார்ந்திருந்தால் அதுவே அவளுக்குக் கிடைத்த துஷ்டி வீடு. மரபு திருத்திக்கொள்ள வேண்டிய குறை இது.

மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்பது வேத நூல்களின் கருத்து: தேவர்களுக்கு, முனிவர்களுக்கு, முன்னோருக்கு. முனிவர் கடனைக் கல்வியால் தீர்க்கவேண்டும். இந்தக் கணக்கில் ஆசிரியர் தீவில் செய்துகொண்டிருந்தது வெறும் பிழைப்பு அல்ல. அவர் ஒரு கடனைத் தீர்த்துக்கொண்டிருந்தார். ஒன்று இன்னொன்றை ஈடுகட்டும் என்று எந்த நூலும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லித் தேற்றுவது எளிது, ஆனால் தாய்க்குச் செய்யாததைப் பிறர் பிள்ளைக்குச் செய்து கழிக்க முடியாது. கடன்கள் தனித்தனியே நிற்கின்றன. ஒன்றைத் தீர்க்கும் நேரத்தில் மற்றது காத்திருக்கும் என்பதுதான் ஒப்புக்கொள்ளத்தக்க விடை.

காத்திருந்தவற்றுக்கு ஊர் திரும்பியபின் வழி உண்டு. தனிமைப்படுத்தும் நாட்கள் முடிந்ததும் இந்துக் குடும்பத்தில் எடுத்து வைத்திருந்த அஸ்தியை ராமேஸ்வரத்திலோ அருகிலுள்ள ஆற்றிலோ கரைக்கலாம். முதலாண்டுத் திதியை மகனே கொடுக்கலாம். இறந்த திதி தெரியாமல் போனால் அமாவாசையில் கொடுக்கலாம். அடக்கம் முடிந்தபின் கபுரருகே நின்று ஜனாஸா தொழ ஷாஃபி மத்ஹபு இடம் தருகிறது. பள்ளிவாசலைப் பெருக்கிவந்த பெண் ஒருத்தி இறந்ததைத் தாமதமாகக் கேள்விப்பட்டு நபிகள் அவள் கபுருக்குப் போய்த் தொழுதது அதற்கு ஆதாரம். கத்தோலிக்கக் குடும்பத்தில் ஆண்டு நினைவுப் பூசை ஒப்புக்கொடுத்து, கல்லறையை மந்திரிக்கக் குருவானவரைக் கேட்பார்கள்.